படம் இல்லாத சொற்கள்

மேல் டிவிசன்,
கஹவத்தை.

என் அன்புக்குரிய விஜயகலா டீச்சருக்கு,

உங்கள் வகுப்பில் பாயின் ஓரத்தில், பேத்தி சரோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜூலியஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் இங்கே எல்லோரும் ஒரு மாதிரி இருக்கிறோம். நீங்கள் எம்பிலிப்பிட்டியவில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வேறு மாதிரி நினைத்தால் எழுத வராது.

முதலில் சந்தோஷமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இது என் கையெழுத்து. யாரும் என் கையைப் பிடிக்கவில்லை, யாரும் பக்கத்தில் நின்று சொல்லவில்லை. தகரப் பெட்டியின் மேல் தாளை வைத்து, மழை விட்டிருக்கும் நேரம் பார்த்து எழுதுகிறேன். மழை பெய்தால் பெட்டியை நகர்த்தவேண்டும், கூரையில் ஓட்டை இருப்பது உங்களுக்குத் தெரியும். இதுவரை எனக்காகக் கடிதம் எழுதியவர்கள் நான் சொன்னதில் பாதியை விழுங்கியிருக்கிறார்கள் என்று இப்போதுதான் புரிகிறது. நான் மூச்சு வாங்கச் சொல்வேன், அவர்கள் அரைப் பக்கத்தில் முடித்து உறையை ஒட்டிவிடுவார்கள். இது அப்படி இருக்காது. பொறுமையாக வாசியுங்கள்.

உங்களிடம் ஒரு காரியத்துக்கு அனுமதி கேட்கவேண்டும். வருகிற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் அது வேண்டும். இப்போதே கேட்கத் தைரியம் இல்லை. எழுதிக்கொண்டே போனால் வரும் என்று நினைக்கிறேன்.

உங்கள் முகவரியை உங்கள் அம்மா சுப்பம்மாவிடம்தான் வாங்கினேன். சுப்பம்மா முதலில் கதவைத் திறக்கவில்லை. பிறகு திறந்து, என் கையில் தாளையும் பேனையையும் பார்த்து, "என்னண்ணே, இப்ப எழுதவும் கத்துக்கிட்டீங்களா? அதுக்கு யாரு பலி?" என்று கேட்டாள். உங்கள் முகவரியைக் கேட்டேன். அவள் உள்ளே போய், நீங்கள் அனுப்பிய துணிப் பொட்டலத்தின் மேலுறையைக் கொண்டுவந்து வாசற்படியில் போட்டாள். பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு முதுகைக் காட்டி நின்றாள். தெருப் பெயரும் நீங்கள் வேலை செய்கிற துணிக்கடைப் பெயரும் நீளமாக இருந்தன. எழுதி முடிக்கும்வரை அவள் திரும்பவே இல்லை. உங்கள் அப்பா நல்லையாவும் நானும் ஒரே மலையில் ரப்பர்ப் பால் வெட்டியவர்கள். அவன் இருந்திருந்தால் என்னை அடித்திருப்பான். அடித்துவிட்டுத் தேநீர் தந்திருப்பான்.

நீங்கள் போன பிறகு நான் வாசிப்பதை நிறுத்தவில்லை டீச்சர். நிறுத்த முடியவில்லை. கஹவத்தைச் சந்தியில் நின்றால் பஸ்ஸின் நெற்றியில் உள்ளதை வாசிக்கிறேன். மருந்துப் போத்தலை வாசிக்கிறேன். ஒரு நாள் கல்லறைக்குப் போய் ரோசலினின் சிலுவையை வாசித்தேன். வாசித்ததும் எனக்குச் சிரிப்பும் வியர்வையும் ஒன்றாக வந்தது. சாய்ந்த வாகை மரத்துக்கு நேரே இருப்பதுதான் என் மனைவி என்று இத்தனை வருஷமாக மெழுகுதிரி ஏற்றி வந்திருக்கிறேன். அது பக்கத்து லய வீட்டு லியோனின் மாமியார். ரோசலினும் அவளும் தண்ணீர்க் குழாயில் சண்டை போட்டு, சாகும்வரை முகம் பார்க்காதவர்கள். என் மெழுகுதிரி, என் செபம், எல்லாம் அந்தக் கிழவிக்குப் போயிருக்கிறது. ரோசலின் பக்கத்தில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாள். என்னை என்ன திட்டு திட்டியிருப்பாள். அன்று அவளுடைய பெயரைச் சத்தமாக வாசித்தேன். அதற்கு நான் உங்களுக்குக் கடன்பட்டவன்.

எப்படி ஆரம்பித்தது என்று சில நாட்கள் யோசிப்பேன். மகள் மெரினா கொழுந்து பறிக்கப் போவதால் சரோனைப் பிள்ளை மடுவத்துக்கு, உங்கள் வகுப்புக்கு, கொண்டுபோய் விடுவது என் வேலை. அவள் என் விரலை விடமாட்டாள். நீங்கள்தான், "தாத்தாவும் உக்காருங்களேன், பாய்ல இடம் இருக்கு" என்றீர்கள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் வெட்கப்பட்டு உட்கார்ந்தேன். பிஸ்கட் பெட்டியின் அட்டையை வெட்டி நீங்களே வரைந்த படங்கள். ஓர் அட்டையில் படம், இன்னொரு அட்டையில் சொல். சொல்லை ஒலித்துப் பார்த்து, அதற்கான படத்தின் மேல் வைக்கவேண்டும். கல். பல். மரம். குடம். பால் என்ற சொல்லுக்கு நீங்கள் ரப்பர் மரத்தையும் அதில் கட்டிய சிரட்டையையும் வரைந்திருந்தீர்கள். என் ஆயுசு முழுக்க வெட்டியது அந்த இரண்டு எழுத்துக்குள் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அதைச் சுவரில் கரியால் எழுதினேன். மெரினா துடைக்கவில்லை.

சொல்லை வாசித்தால் போதாது, கண்ணை மூடிப் படத்தைப் பார்க்கவேண்டும், படம் வராவிட்டால் வாசித்ததாக ஆகாது என்பீர்கள். படம் வரைய முடியாத சொற்களும் இருக்கின்றனவா என்று நான் கேட்டேன். நிறைய இருக்கிறது தாத்தா, அதெல்லாம் அடுத்த தவணையில் என்றீர்கள். அந்தத் தவணை வரவே இல்லை.

உதவி நிறுவனத்து ஆட்கள் அச்சடித்த அட்டைகளோடு வந்த நாள் உங்களுக்கும் மறந்திருக்காது. உங்கள் பிஸ்கட் அட்டைகளை ஒதுக்கி வைக்கச் சொன்னார்கள். அவர்களோடு வந்த பெரியம்மா நல்ல சேலை கட்டியிருந்தார். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, எங்கள் பிள்ளைகள் கண்ணாலும் பார்க்காத வழுவழுப்பான படங்களைப் பரப்பினார். பூவும் நாயும் சரியாகப் போயின. வீடு என்ற சொல்லை எடுத்த சரோன் அதைக் கொண்டுபோய் ரயில் படத்தின் மேல் வைத்தாள். அவள் பிழை செய்யவில்லை. இந்தப் பக்கம் ரயில் ஓடி எத்தனை காலம், அவள் எங்கே கண்டாள்? நீளமாக ஒரே கோட்டில் கதவும் ஜன்னலும், கதவும் ஜன்னலும், ஒரு முனையில் புகை. நம் லயம் அப்படித்தானே இருக்கிறது. ஓடு போட்டு, பூஞ்செடி வைத்து, வேலி அடைத்த அந்த மற்றப் படம் என்ன என்று கேட்டதற்கு, அது தோட்டத்துத் துரை இருக்கிற பங்களா என்றாள். அவளுக்குப் பிறகு வந்த பிள்ளைகளும் வீட்டை ரயிலிலேயே வைத்தார்கள். பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கூட வந்தவர்கள் பொத்திக்கொள்ளவில்லை.

நீங்கள் அப்போது பேசாமல் இருந்திருக்கலாம். "தப்பு படத்துலதான் மேடம், புள்ளைங்ககிட்ட இல்ல" என்றீர்கள். சிரிப்பு நின்றுவிட்டது. தோட்டத்து நலன் பார்க்கிற வெல்பெயார் மாத்தயா உங்களைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன்.

அந்த நேரம் என்னையும் வைக்கச் சொன்னார்கள். விளையாட்டுக்குத்தான் சொன்னார்கள். நான் சின்ன வயதில் ஒப்பநாயக்கைக்கு வந்த ரயிலைப் பார்த்தவன், அதனால் ரயிலை ரயிலில் வைத்தேன். மிச்சம் ஒரு சொல், மிச்சம் ஒரு படம். வீட்டை அதில் வைத்தேன். அவ்வளவுதான் என் கெட்டித்தனம். எல்லாம் சரி என்றார்கள். பெரியம்மா என் தோளைத் தட்டினார். ஒரு கையில் சொல்லையும் ஒரு கையில் அந்தப் பங்களாப் படத்தையும் கொடுத்து என்னைப் புகைப்படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். சொல்லாவிட்டாலும் சிரித்துத்தான் இருப்பேன்.

இனி நான் தாள் வாசித்த அந்த நாளைப் பற்றி. நீங்களும் அங்கே நின்றீர்கள், உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் என் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

மடுவத்து முற்றத்தில் எல்லோரையும் கூட்டியிருந்தார்கள். மாத்தயாவுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. மேலிடத்திலிருந்து தமிழில் வந்த தாள் அவர் கையில் இருந்தது. எப்போதும் தாள் வந்தால் நீங்கள்தான் வாசிப்பீர்கள். அன்றைக்கு அவர் உங்களைக் கூப்பிடவில்லை. என்னைப் பார்த்து, தாத்தா என்பதைச் சிங்களத்தில் சொல்லி, "சீயா வாங்க. நீங்கதானே இப்ப நல்லா வாசிக்கிறது" என்றார். பக்கத்தில் ஒருவர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். டீச்சர், என் கால் தரையில் படவில்லை. சலவைச் சட்டை போட்டிருந்தேன். மெரினா பார்த்துக்கொண்டிருந்தாள். லியோன் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தோட்டத்தில் காலையில் வேலைக்குக் கூடுகிற பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டால் கைதூக்குவதைத் தவிர, ஊர் முன்னால் நான் வாயைத் திறந்ததே இல்லை.

வாசித்தேன். நிர்வாகம் என்று வாசித்தேன். மீளாய்வு என்று வாசித்தேன். அடைவுமட்டம், திருப்தி, சேவை. ஒவ்வொன்றையும் ஒலித்து ஒலித்து ஏறினேன், மலையில் கல்லுக்குக் கல் கால் வைப்பது போல. அடுத்த கல் எங்கே என்பதுதான் கண்ணில் இருந்தது, எந்த இடத்துக்குப் போகிறேன் என்பது இல்லை. இதில் ஒன்றுக்காவது படம் உண்டா டீச்சர்? கண்ணை மூடினால் எதைப் பார்ப்பேன்? விஜயகலா நல்லையா என்று வந்தபோதுகூட, ஜ என்ற எழுத்து என் பெயரிலும் இருக்கிறதே என்றுதான் சந்தோஷப்பட்டேன்.

கடைசிச் சொல்லில் மாட்டிக்கொண்டேன். அவ்வளவு நீளமான சொல்லை நான் கண்டதில்லை. நிமிர்ந்து உங்களைத் தேடினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றீர்கள். வகுப்பில் செய்வது போலவே, ஒரு கைவிரலால் மற்றக் கையைத் தட்டித் தட்டி, சத்தமில்லாமல் வாயசைத்து, அந்தச் சொல்லைத் துண்டு துண்டாக எனக்குக் காட்டினீர்கள். நீளமான சொல்லைக் கண்டு பயப்படக்கூடாது, மரவள்ளிக்கிழங்கு மாதிரித் துண்டு போட்டால் வாய்க்குள் போய்விடும் என்று சொன்னவர் நீங்கள். நீங்கள் வெட்டித் தந்தீர்கள், நான் விழுங்கினேன். முடி, வுறுத், தப், படு, கிறது. விஜயகலா நல்லையாவின் சேவை இத்துடன் முடிவுறுத்தப்படுகிறது. பிழையில்லாமல் வாசித்து முடித்தேன்.

ஒருவன் வாசித்து முடித்தால் எல்லோரும் கை தட்டவேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பழக்கியதும் நீங்கள்தானே. சரோன்தான் முதலில் தட்டினாள். மற்றப் பிள்ளைகள் தட்டினார்கள். பிள்ளைகள் தட்டுவதைப் பார்த்துச் சில தாய்மாரும் தட்டினார்கள், என்னைப் போல அவர்களுக்கும் படம் வரவில்லை. நீங்களும் தட்டினீர்கள். நான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் சுப்பம்மா போட்ட சத்தம் கேட்டது.

மறுநாள் நான் ஆபீசுக்குப் போனேன். இது உங்களுக்குத் தெரியாது. உங்களைத் திரும்ப வேலைக்கு எடுக்கும்படி கேட்டேன். மாத்தயா கைப்பேசியைத் திறந்து எனக்கே காட்டினார். நான் வாசிக்கிறேன், எல்லோரும் கை தட்டுகிறார்கள். மேலிடத்துக்கு அதை அனுப்பியாயிற்று, தோட்டத்து மக்கள் முழுமனதோடு ஏற்றுக்கொண்டார்கள் என்று அவர்களுக்கும் சந்தோஷம் என்றார். "டீச்சரே கை தட்டுது, பாருங்க சீயா" என்றார். பார்த்தேன்.

மடுவத்தில் இப்போது உர மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். உங்கள் பிஸ்கட் அட்டைகளைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் தேநீர் அடுப்புக்குப் போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் சிலர் தாய்மாரோடு மலையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். சரோன் கீழே பெரிய பாதையில் இருக்கிற சிங்கள வகுப்புக்குப் போகிறாள். அங்கே உள்ள டீச்சர் நல்லவர்தான். அதே ஓட்டு வீட்டுப் படம் அங்கேயும் இருக்கிறதாம். இப்போது அவள் சரியாக, வீட்டுக்குச் சிங்களத்தில் கெதர என்று சொல்லி அதன்மேல் வைக்கிறாளாம். எல்லோரும் மெச்சுகிறார்கள். போன வாரம் சுவரில் நான் எழுதிய பால் என்ற சொல்லைக் காட்டி வாசிக்கச் சொன்னேன். அது தாத்தாவோட எழுத்து, எனக்குத் தெரியாது என்றாள். எங்கள் வீட்டில் தமிழ் வாசிக்கிறவன் இனி நான் ஒருவன்தான்.

லயத்தில் என்னைப் பற்றிப் பேசுவதையும் மறைக்கமாட்டேன். நான் நடந்து போனால் லியோன் பேப்பரை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொள்கிறான். "ஜூலியஸண்ணே வர்றாரு, என் பேரு எதுலயும் இருக்கான்னு பாத்துக்கங்கடா" என்கிறான். பெண்கள் குழாயடியில், இன்றைக்கு யாருக்கு வேலை போகிறது என்று என்னிடம் விசாரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

கஹவத்தை பஸ் நிலையத்தில் என் படத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள். ஜூலியஸ், எங்கள் உதவியால் இன்று வாசிக்கிறார் என்று கீழே இருக்கிறது. உங்கள் பெயர் இல்லை. ஒரு நாள் அதன் கீழே நின்று வாசித்துக்கொண்டிருந்தபோது, முச்சக்கரவண்டி ஓட்டுகிற ஜஸீல் என்னை அடையாளம் கண்டுகொண்டான். மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு, "தாத்தா, கையில இருக்கிறது உங்க வீடா? நல்லாருக்கே, நமக்குச் சொல்லவேயில்ல" என்றான். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர், ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்துவிட்டு, அடுத்த சந்தைநாளும் அதைப் பார்க்கப் போனேன். என் பெயரை அவ்வளவு பெரிய எழுத்தில் வேறு எங்கே பார்ப்பேன்? சந்தோஷம் வெட்கமில்லாதது. அது என்னிடம் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

இனிக் கேட்கவேண்டியதைக் கேட்கிறேன்.

போன வாரம் மாத்தயா எங்கள் லயத்துக் காம்பராவுக்கே வந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்திலும் ஒரு பாலர் வகுப்பு இருக்கிறது. அதற்கும் தாள் வந்திருக்கிறது. அங்கேயும் சீயா வந்து வாசித்தால் நன்றாக இருக்கும், சனங்கள் சத்தம் போடமாட்டார்கள் என்றார். முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வேன் வரும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்ளச் சொன்னார். போகிற போக்கில் எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, கூரைத் தகரம் கொடுக்கிற வேலையும் தன் கையில்தான் என்று மெரினாவிடம் சொன்னார். மெரினா என்னைப் பார்த்தாள். சரோன் படுக்கிற இடத்தில்தான் ஒழுகுகிறது.

தாளை முன்கூட்டியே தந்திருக்கிறார், பழகிக்கொள்ளட்டும் என்று. பெட்டிக்குள் இருக்கிறது. எல்லாம் அதே சொற்கள். பெயர் மட்டும் வேறு. அங்கே படிப்பிக்கிற டீச்சர் பிள்ளையை எனக்குத் தெரியாது. ஆனால் இப்போது அந்தச் சொற்களுக்கெல்லாம் எனக்குப் படம் இருக்கிறது. கண்ணை மூடினால் ஒரு தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை, அவள் கை தட்டுகிறாள்.

வரமாட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது. சொன்னால் கூரைத் தகரம் போய்விடும். அதனால் போகப்போகிறேன். வெள்ளைச் சட்டை போட்டு, வேனில் ஏறி, அந்த முற்றத்தில் நின்று, தாளை வாங்கி, பார்த்து, எனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொல்லப்போகிறேன். வயதாகிவிட்டது, படித்தது மறந்துவிட்டது, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரித் தெரிகிறது என்பேன். கிழவனுக்கு மறதி என்றால் யார் கோபிப்பார்கள்? சிரிப்பார்கள். கைப்பேசி இருக்கும், அதையும் எடுத்து எல்லோருக்கும் அனுப்புவார்கள். பஸ் நிலையத்தில் இருக்கிற படத்தையும் கழற்றிவிடுவார்கள். கழற்றட்டும். தாளை வேறு யாராவது வாசிப்பார்கள், அந்த வகுப்பும் மூடப்படும், அது எனக்குத் தெரியும். என் வாயால் வேண்டாம். அந்த டீச்சர் பிள்ளை எனக்கு உதவி செய்ய வாயசைக்கிற மாதிரி ஆகவேண்டாம்.

அன்றிலிருந்து நான் தெரியாதவனாகவே இருக்கவேண்டும். சந்தியில் பஸ்ஸை வாசிக்கக்கூடாது. கோவிலில் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கக்கூடாது. யாராவது பார்த்துவிட்டால் மாத்தயாவின் காதுக்குப் போகும். சுவரில் இருக்கிற பாலையும் துடைத்துவிடுவேன். ரோசலினின் சிலுவைக்கு மட்டும் வழி தெரியும், அதற்கு எழுத்து வேண்டியதில்லை.

உங்கள் மாணவன் ஊர் முன்னால் தெரியாது என்று நிற்பது உங்களுக்குத்தான் அவமானம். இந்த டீச்சர் ஒன்றும் படிப்பிக்கவில்லை, வேலையை விட்டு எடுத்ததே சரி என்று சொல்வார்கள். அதற்குத்தான் உங்களிடம் அனுமதி கேட்கிறேன். உங்கள் பதில் அதற்குள் வந்தால் எடுத்துப்போய் ஆற்றங்கரையில் இருந்து வாசிப்பேன். வேண்டாம் என்று எழுதினால், வேறு வழி யோசிப்பேன், எனக்கு இன்னும் ஒன்றும் தோன்றவில்லை. பதிலே வராவிட்டால் உங்களுக்குக் கோபம் என்று எடுத்துக்கொண்டு, மேலே சொன்னபடியே செய்வேன்.

கடையில் நிற்கும்போது இங்கிருந்து போகிற யாராவது உங்களிடம் வந்து, உன்னிடம் படித்த அந்தக் கிழவனுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாதாம் என்று சிரித்துக்கொண்டு சொல்வார்கள். சொல்லட்டும், நீங்கள் மறுக்கவேண்டாம். அவர்கள் போன பிறகு இந்தக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள்.

ஆண்டவர் உங்களையும், உங்கள் கைவிரல்களையும் காப்பாராக.

உங்கள் மாணவன்,
ஜூலியஸ்

(கைநாட்டு இல்லை டீச்சர், கையெழுத்து.)